காலரா ஸ்ட்ரிப்பில் கோடு விழுகிறது, கல்ச்சரில் வளரவில்லை

முகாம்_லேப்:
நீர்த்த மலத்தை நேரடியாக எடுத்து ஸ்ட்ரிப் (விரைவுப் பரிசோதனைப் பட்டை) போடுகிறோம். ஓ1 (காலராக் கிருமியின் ஒரு வகை) கோடு நன்றாகவே விழுகிறது. அதே மாதிரியைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) ஆய்வகத்துக்கு அனுப்பினால் பல சமயம் 'வளர்ச்சி இல்லை' என்று வருகிறது. எதை நம்புவது?

நுண்ணுயிரி_மேசை:
மாதிரியை எதிலிருந்து எடுக்கிறீர்கள்? கட்டிலுக்கடியில் வைக்கும் வாளியில் பிளீச்சிங் கரைசல் ஊற்றியிருந்தால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் வராது. ஸ்ட்ரிப் தேடுவது கிருமியின் மேலுறையில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடை. கிருமி உயிரோடு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. குளோரின் படாத சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள். ஆன்டிபயாட்டிக் முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கள_பரிசோதனை:
ஸ்ட்ரிப்பே தவறாகக் காட்டவும் வாய்ப்புண்டு. நேரடி மலத்தில் பொய்ப் பாசிட்டிவ் வருவது இதன் பழைய பலவீனம். காரப் பெப்டோன் நீரில் (காலராக் கிருமியைப் பெருக்கும் காரத் திரவம்) வளர்த்துவிட்டுப் போட்டால் வெகுவாகக் குறையும். லிட்டருக்குப் பெப்டோன் 10 கிராம், சோடியம் குளோரைடு 10 கிராம், பிஎச் 8.5. ஆட்டோகிளேவ் செய்த 10 மி.லி. குழாயில் மலம் 1 மி.லி.க்கு மேல் வேண்டாம். கூடினால் காரம் இறங்கி மற்ற குடல் கிருமிகள் முந்திக்கொள்ளும். 37 டிகிரியில் 6 மணி நேரம் வையுங்கள். பிறகு குழாயைக் குலுக்கவே கூடாது. விப்ரியோ (காலராக் கிருமி) காற்றைத் தேடி மேலே வந்து ஏடு போலப் படரும், பிப்பெட்டின் நுனி அந்த மேற்பரப்பைத் தொட்டால் போதும்.

முகாம்_லேப்:
மாதிரி கேரி-பிளேரில் (மாதிரியைக் கெடாமல் கொண்டுபோகும் ஊடகம்), ஐஸ் பெட்டியில்தான் போகிறது. சரிதானே?

நுண்ணுயிரி_மேசை:
ஐஸ் வேண்டாம்! விப்ரியோவுக்குக் குளிர் ஆகாது. கேரி-பிளேரில் அறை வெப்பநிலையிலேயே ஒரு வாரம் தாங்கும். மாதிரி எடுத்த குச்சியின் பஞ்சு முழுக்க ஊடகத்துக்குள் இறங்கட்டும், மேலே நீளும் குச்சியை ஒடித்துவிட்டு மூடியை இறுக்குங்கள். காய்ந்தால் போச்சு.

வார்டு_செவிலியர்:
கோட்டைப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். கிட் தாளில் சொன்ன நேரத்துக்குள் வந்தால் மங்கல் கோடும் பாசிட்டிவ்தான். நேரம் கடந்து வருவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கன்ட்ரோல் கோடு இல்லையென்றால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது. குளிரில் இருந்த பையை அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோத்துக் கெட்டுவிடும்.

இன்னொன்று: கொள்ளைநோய் பரவுகிறதா என்று சீக்கிரம் மோப்பம் பிடிக்கத்தான் ஸ்ட்ரிப். உறுதி செய்வது கல்ச்சர் அல்லது பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை). நெகட்டிவ் என்று சொல்லி யாருக்கும் ஓஆர்எஸ்ஸையோ டிரிப்ஸையோ தள்ளிப்போடக் கூடாது. நீரிழப்பைப் பார்த்து உடனே ஆரம்பியுங்கள்.