ஸ்டேஷன்ல போட்ட கையெழுத்து செல்லுமா, செல்லாதா?

வியாசர்பாடி விங்கர்: பெரம்பூர் பாய்லர் காலைல போட்டத பாத்தீங்களா? "போலீஸ் பாலிகிராஃபுக்கு, அதான் பொய் கண்டுபுடிக்கிற மிஷின் டெஸ்ட்டுக்கு, கூப்ட்டா போய் குந்தணும், மாட்டேன்றவன்தான் திருடன்"னு. இன்னா நைனா சட்டம் இது? சம்மதம் இல்லாம பாலிகிராஃப், நார்கோ (மருந்து ஏத்தி அரை மயக்கத்துல கேள்வி கேக்கறது), பிரெயின் மேப்பிங் (மூளையோட மின்னலைய பாக்கறது) எதையும் பண்ணக்கூடாதுன்னு செல்வி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2010 மே 5 அன்னிக்கே சொல்லிடுச்சி. அரசியல் சட்டம் 20(3), அதான் தனக்கு எதிரா சாட்சி சொல்லச் சொல்லி குற்றவாளின்னு சொல்றவன கட்டாயப்படுத்தக் கூடாதுன்றது; 21, உயிரும் தனி மனுஷன் சுதந்திரமும். போய் படி.

பெரம்பூர் பாய்லர்: மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில இன்னா பயம்? என் மச்சானையும்தான் கூப்ட்டாங்க. ஸ்டேஷன்லயே கையெழுத்து போட்டான், மயிலாப்பூர் லேபுக்கு போனான், வந்தான். இப்ப மீன் வித்துக்கினு நல்லாத்தான் கீறான்.

வியாசர்பாடி விங்கர்: ஸ்டேஷன்லயா? சம்மதத்த மாஜிஸ்ட்ரேட் முன்னாடி பதியணும். மனித உரிமை ஆணையம் 2000ல போட்ட விதி. அத கறாரா கடைப்பிடிக்கணும்னு அதே தீர்ப்புல கீது. வக்கீலப் பாக்கவும் விடணும்.

பெரம்பூர் பாய்லர்: கையெழுத்துன்னா கையெழுத்துதான். ஸ்டேஷன்ல போட்டா மை அழிஞ்சிடுமா?

வியாசர்பாடி விங்கர்: மாஜிஸ்ட்ரேட் முன்னாடி.

கொருக்குப்பேட்டை அக்கா: தம்பிங்களா, அந்த ரிசல்ட்ட வச்சி ஜெயில்ல போட்ருவாங்களா? அத சொல்லுங்க மொதல்ல.

வியாசர்பாடி விங்கர்: இல்லக்கா. சம்மதிச்சே போனாலும் ரிசல்ட் மட்டும் சாட்சி ஆகாது. ஆனா சம்மதிச்சிப் போயி சொன்னத வச்சி எதையாவது கண்டுபுடிச்சா, அது கோர்ட்டுக்கு வரலாம். பழைய சாட்சிய சட்டத்துல பிரிவு 27, 2024 ஜூலைலேர்ந்து புதுச் சட்டத்துல 23.

பெரம்பூர் பாய்லர்: சாட்சியே ஆகாதுன்னு நீயே சொல்ட்ட. அப்ப ஏன் பயப்படணும்?

வியாசர்பாடி விங்கர்: மிஷினுக்கு பொய் இன்னா தெரியும்? மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், தோல்ல வேர்வை, அவ்ளோதான் பாக்குது. பயந்தவனுக்கும் வேர்க்கும். உன் மச்சான் எங்க கையெழுத்து போட்டான்?

புதுவண்ணை பெருசு: பீகார் கேஸ் ஒண்ணுல எல்லாருக்கும் நார்கோ எடுக்கறோம்னு போலீஸ் சொன்னத பாட்னா ஹைகோர்ட் ஏத்துக்கிச்சி. 2025 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிட்டாங்க. சண்டைய நிறுத்துங்கப்பா.

பெரம்பூர் பாய்லர்: பெருசு, பீகாரு எங்க, பெரம்பூர் எங்க? டேய் விங்கர், நீ இன்னா வக்கீலா? ஜார்ஜ் டவுன் கோர்ட்டாண்ட ஜெராக்ஸ் எடுக்கறவன்தான?

வியாசர்பாடி விங்கர்: ஆமா, எடுக்கறதுக்கு முன்னாடி படிப்பேன். நீ எதுல வேணா கண்ண மூடிக்கினு கையெழுத்து போடுவ. சீட்டு கட்டி ஏமாந்தியே, அதுவும் இப்டித்தான?

பெரம்பூர் பாய்லர்: சீட்டு மேட்டர இழுக்காத. முல்லை நகர் கிரவுண்டுல ஆஃப்சைடுல குந்திக்கினு கோல் போட்டுட்டு, ரெஃப்ரி தலையில அடிச்சி சத்தியம் பண்ணவன் நீ. ஒனக்குத்தான் மொதல்ல பாலிகிராஃப் வைக்கணும்.

வியாசர்பாடி விங்கர்: வைங்க. மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சம்மதிச்சா பாக்கலாம்.

கொருக்குப்பேட்டை அக்கா: அது ஆஃப்சைடுதான்ப்பா. எம் புள்ள கோல் போஸ்ட்டாண்டதான் நின்னுக்கினு இருந்தான்.

வியாசர்பாடி விங்கர்: அக்கா, நீங்களுமா! ஆஃப்சைடு கெடக்கட்டும். பாய்லர், கையெழுத்து எங்க போட்டான்?

பெரம்பூர் பாய்லர்: ஸ்டேஷன்ல. இன்னா இப்ப?