குவாரி வெடியும் குண்டுச் சத்தமும்: குண்டுவீச்சைப் பார்த்தவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

ஊத்தங்கரையிலிருந்து:

எங்கள் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் மூன்று வருஷம், சாயங்கால நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அங்கே ஒரு பாட்டி சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களில் யாராவது அப்படிப்பட்டவர்களைச் சந்தித்திருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

குவாரி வெடி நமக்குப் பழக்கம். தூரத்தில் 'டம்' என்று கேட்கும், ஜன்னல் லேசாக அதிரும், நாம் பேச்சைக்கூட நிறுத்த மாட்டோம். நான் போன முதல் வாரம் அப்படி ஒரு வெடி. எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பாட்டி செம்பை அப்படியே போட்டுவிட்டுச் சுவரோரம் குந்திவிட்டார். இரண்டு கையும் காதில். பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பேரனும் அதே வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பிறந்து வளர்ந்தது எல்லாம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில். குண்டு போடுகிற விமானத்தைக் கண்ணால் பார்த்தவன் இல்லை.

பாட்டி யாழ்ப்பாணம் வலிகாமத்துக்காரர். 1995 ஜூலையில் இலங்கை ராணுவம் அந்தப் பக்கம் முன்னேறியபோது வீட்டை விட்டுக் கிளம்பிய கூட்டத்தில் இவரும் ஒருவர். நிறையப் பேர் நவாலி புனித பேதுரு தேவாலயத்திலும் அதைச் சுற்றியும் தங்கினார்கள். ஜூலை 9ஆம் தேதி விமானப்படை அங்கே குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாட்டி அந்த நேரம் இரண்டு ஒழுங்கை (சந்து) தள்ளி, சொந்தக்காரர் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். தேவாலயத்தைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசியதில்லை, நானும் கேட்கவில்லை.

பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டுவதைப் பற்றி மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். குழியை நேராக வெட்டக்கூடாது, வளைத்து வெட்ட வேண்டும், அப்போதுதான் வாசலில் குண்டு விழுந்தாலும் சிதறல் உள்ளே வராது. மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் நிற்கும், பாம்பும் இருக்கும், இருந்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கத்தான் வேண்டும். குண்டு போடுகிற விமானத்தை அவர் பொம்மர் என்பார், அது தாழ இறங்குவதைப் பதிவது என்பார். ஒருநாள் சொன்னார்: "பொம்மர் மேல சுத்துற சத்தம் ஒரே மாதிரி கேட்டா பயமில்லை தம்பி. சத்தம் மாறினா பதியிறான் எண்டு அர்த்தம். அப்ப ஓடக்கூடாது, நிண்ட இடத்திலயே விழுந்து படுக்கோணும்."

பாலக்கோட்டிலிருந்து:

எங்கள் தாத்தா பர்மாவில், ரங்கூனில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினவர். இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 23 காலையில் ஜப்பான் விமானங்கள் வந்தபோது ஜனங்கள் பதுங்கவில்லையாம், தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்களாம். அந்த ஊருக்குக் குண்டுவீச்சு என்றால் என்னவென்றே தெரியாது. செத்தவர்களில் நிறையப் பேர் அப்படித் தெருவில் நின்றவர்கள். மறுபடி கிறிஸ்துமஸ் அன்றைக்கும் போட்டார்கள். துறைமுகக் கூலிகள் ஓடிவிட்டார்கள், கப்பலில் சரக்கு இறக்க ஆள் இல்லை. லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்கள். தாத்தா புரோம் வழியாக மலை தாண்டி அரக்கான் போய், அங்கிருந்து சிட்டகாங் சேர்ந்தார். வழியில் காலரா. கூட வந்த ஏழு பேரில் மூன்று பேர்தான் மிச்சம்.

எப்படியோ சென்னைக்கு வந்தால் அங்கேயும் ஊர் காலி. 1942 ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்திருந்தது, அடுத்தது சென்னைதான் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தாத்தா மொரப்பூரில் இறங்கினார். தர்மபுரிக்குப் போகிற சின்ன ரயில் இல்லை. போர்க்காலத்தில் அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள். மிச்ச தூரமும் நடைதான்.

தேர்தல் நேரத்தில் ஹெலிகாப்டர் வந்தால் நாங்கள் குதித்துக்கொண்டு வெளியே ஓடுவோம். தாத்தா திண்ணையிலிருந்து கத்துவார்: "வேடிக்கை பாக்காதீங்கடா, உள்ள வாங்கடா!" கண்ணில் தண்ணீர் நிற்கும். அப்போது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஓசூரிலிருந்து:

நான் சொல்லப்போவது எதிர்ப்பக்கத்து ஆளைப் பற்றி, அதே ஜப்பானைச் சேர்ந்தவர். கம்பெனி பயிற்சிக்காக டோக்கியோவில் ஆறு மாதம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரியோகோகு ஸ்டேஷன் பக்கம் யோகோஅமிச்சோ பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருக்கிற நினைவு மண்டபத்தில் 1923 பூகம்பத்தில் செத்தவர்களின் அஸ்தியோடு குண்டுவீச்சில் செத்தவர்களின் அஸ்தியும் இருக்கிறது. அங்கே வந்திருந்த ஒரு பெரியவர் போனில் மொழிபெயர்ப்பு வைத்து என்னோடு பேசினார்.

1945 மார்ச் 9 இரவு அவருக்கு ஆறு வயது. அமெரிக்க பி-29 விமானங்கள் முந்நூறு வரை, ராத்திரியில், தாழப் பறந்து வந்து தீக்குண்டுகளைக் கொட்டின. மர வீடுகள், பலத்த காற்று. விடிவதற்குள் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சம் பேருக்கு வீடு போய்விட்டது. ஜனங்கள் சுமிதா ஆற்றுக்கும் பாலங்களுக்கும் ஓடினார்கள். அங்கேயும் தீ வந்தது. இவருடைய அம்மா, இவரை முதுகில் கட்டிக்கொண்டு காற்று வீசிய பக்கத்துக்கு எதிராக ஓடியிருக்கிறார். அக்கா கூட்டத்தோடு ஆற்றுப் பக்கம் போனவர், திரும்பி வரவில்லை.

ஊரை எரித்தால் ஜனங்கள் மனம் உடைந்து போரை நிறுத்தச் சொல்வார்கள் என்பது அன்றைய ராணுவக் கணக்கு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1943 ஜூலையில் ஒரே வாரக் குண்டுவீச்சில் முப்பதாயிரத்துக்கும் மேல் செத்தும் அந்த நாடு இன்னும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் சண்டை போட்டது. வீடு எரிந்தவன் அடுத்த வேளைச் சோற்றுக்கு அலைவானா, அரசாங்கத்தை எதிர்ப்பானா? பெரியவருக்கு இன்னொரு ஆறாத வருத்தம் உண்டு. போரில் செத்த சிப்பாய் குடும்பத்துக்கு ஓய்வூதியம் கிடைத்தது, குண்டுவீச்சில் செத்த சாதாரண ஜனங்களுக்கு ஜப்பான் அரசு நஷ்டஈடு தரவில்லை. ஆனால் அந்தத் தாக்குதலை நடத்திய தளபதி கர்ட்டிஸ் லிமேக்கு 1964இல் அதே அரசு உயர்ந்த விருது கொடுத்தது. அவர் இதைச் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஊத்தங்கரையிலிருந்து மறுபடியும்:

பாலக்கோட்டுக்காரரே, உங்கள் தாத்தாவும் எங்கள் பாட்டியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நிறையப் பேசியிருப்பார்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த வெடிக்குப் பிறகு பிள்ளைகள் தாங்களாகவே குவாரிக்குப் போய், எத்தனை மணிக்கு வெடி வைப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் தினமும் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேரன் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போவான். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மம்மா, இப்ப குவாரியில வெடி வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு, சத்தம் ஓய்ந்த பிறகுதான் கணக்குக்குத் திரும்புவான்.