டெட்ஹெட் கூட்டாளிகள்: உறை, கேசட், வண்டி

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு 1965 முதல் 1995 வரை சுமார் 2300 கச்சேரிகள் செய்தது. அடுத்தடுத்த இரவுகளில் பாட்டு வரிசை மாறிக்கொண்டே இருக்கும், ஒரே பாட்டின் நீளமும் போக்கும்கூட மாறும். அதனால் ஒரே ஊரில் மூன்று இரவும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, விடிந்ததும் அடுத்த மாநிலத்துக்கு வண்டி கட்ட ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தார்கள். டெட்ஹெட் என்று அழைக்கப்பட்ட இந்த ரசிகர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சாயச் சட்டை, அன்பு, அமைதி என்று முடித்துவிடுவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த நட்புகளைத் தாங்கி நின்றது கறாரான கொடுக்கல் வாங்கல். எங்கே காசு நுழையலாம், எங்கே நுழையக் கூடாது என்பதில் முகம் தெரியாதவர்களுக்கும் ஒரே சட்டம்தான். அது எப்படி நடந்தது என்று தெரிந்தவரை இங்கே ஆளுக்கொரு பகுதியாக எழுதுவோம். டிக்கெட்டை நான் எடுத்துக்கொள்கிறேன், ரசிகர்கள் பதிந்து மாற்றிக்கொண்ட டேப்பை வேறு யாராவது எழுதட்டும்.

1971இல் வந்த இரட்டை இசைத்தட்டின் அட்டைக்குள், பெயரும் முகவரியும் எழுதி அனுப்பச் சொல்லி ஒரு குறிப்பு போட்டார்கள். அந்த முகவரிப் பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் விதை. 1983இல் குழுவே தபால் வழியாக டிக்கெட் விற்க ஆரம்பித்தது. முறை இப்படி: ஹாட்லைன் எண்ணுக்குப் போன் போட்டால் பதிவு செய்த குரல் தேதி, ஊர், விலை எல்லாம் சொல்லும். பேனாவோடு இரண்டு தடவை கேட்க வேண்டும். 3க்கு 5 அங்குல அட்டையில் பெயர், முகவரி, போன், எந்த இரவுக்கு எத்தனை டிக்கெட் என்று எழுத வேண்டும். சரியான தொகைக்கு மணி ஆர்டர். சொந்தக் காசோலை செல்லாது. தன் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய திரும்பும் உறை ஒன்று. இத்தனையும் நீள அலுவலக உறைக்குள் வைத்து, சொன்ன தேதி முத்திரை விழும்படி அனுப்ப வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் கதை முடிந்தது. கூட்டலில் பிழை, திரும்பும் உறையில் தபால்தலை இல்லை, சேவைக் கட்டணத்தைச் சேர்க்க மறந்தது, இந்த மூன்றும்தான் வழக்கமான கோளாறு.

உறையின் மேல் படம் வரைந்து அனுப்பினால் டிக்கெட் நிச்சயம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அது நிஜமோ இல்லையோ, மண்டையோடும் ரோஜாவும் ஆமையும் வரைந்த அந்த உறைகளில் ஏராளமானவை இன்று சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள குழுவின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நட்பு நுழையும் இடம் இதுதான். ஓர் ஆள் இவ்வளவு டிக்கெட்தான் கேட்கலாம் என்று வரம்பு உண்டு. எனவே நாலைந்து பேர் சேர்ந்து, யார் எந்த ஊருக்கு, எந்த இரவுக்கு எழுதுவது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வார்கள். கிடைத்தது பொதுவுக்கு. மிஞ்சினால் அச்சிட்ட விலைக்கே கொடுக்க வேண்டும், ஒரு டாலர் கூட்டி விற்றவர் பெயர் வாகன நிறுத்தம் முழுக்கப் பரவிவிடும். இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் புத்தாண்டு இரவில். அந்த ஒரு கச்சேரிக்கு எல்லோரும் ரகசியமாகத் தங்கள் பெயரிலேயே எழுதிவிடுவார்கள், மற்ற இரவுகளுக்கு எழுத ஆளே இருக்காது.

*

அண்ணா, டேப்பை யாராவது எழுதட்டும் என்று விட்டுவிட்டீர்கள், நான் தொடர்கிறேன். என் கணக்கில் டிக்கெட் நட்பைவிட டேப் நட்புதான் கெட்டி. கச்சேரியில் ஒரு தடவைகூடச் சந்திக்காதவர்கள் இருபது வருஷம் கேசட் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ரசிகர்கள் பதிவு செய்வதைக் குழு தடுக்கவில்லை. ஆனால் பதிவுக்காரர்கள் ஒலி மேசைக்கு முன்னால் மைக் கம்புகளை நட்டு, ஒலிப் பொறியாளருக்கே மேடை தெரியாமல் செய்துவிட்டார்கள். அதனால் 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில் ஒலி மேசைக்குப் பின்னால் அவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டது. அதற்குத் தனி டிக்கெட்.

அந்தப் பகுதியில் பலர் வைத்திருந்தது சோனி டிசி-டி5எம் கேசட் ரெக்கார்டர். இரண்டு பெரிய டி செல்லில் ஓடும், ஒவ்வொரு இரவுக்கும் புது செல் போட வேண்டும். கேசட் மேக்ஸெல் எக்ஸ்எல்2, 90 நிமிடம். 120 நிமிடக் கேசட்டை அனுபவசாலிகள் தொடமாட்டார்கள், நாடா மெலிசு, இழுபட்டுச் சிக்கும். புதுக் கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டுப் பதிந்தால் இழுவை சீராகும். இரண்டு மைக்கை 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகை விரித்து, தலைகளுக்கு மேலே எட்டும் கம்பில் மாட்டுவது ஒரு நம்பகமான அமைப்பு.

மைக் வாங்க வசதியில்லாதவர் அடுத்தவர் ரெக்கார்டரின், அதாவது டெக்கின், வெளியீட்டிலிருந்து தன் டெக்குக்கு வயர் இழுத்துக்கொள்வார், அவரிடமிருந்து இன்னொருவர். இப்படி ஏழெட்டு டெக் சங்கிலியாக நிற்கும். நடுவில் ஒரு டெக்கில் பேட்டரி போனால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேருக்கும் சத்தம் போய்விடும். எனவே முதல் கேள்வி பெயர் அல்ல: "செல் புதுசா?" இரண்டாவது, வயரின் முனை பொருந்துமா என்பது. மாற்று முனைகள் ஒரு பை நிறைய வைத்திருப்பவருக்கு எந்த ஊரிலும் நண்பர்கள் இருப்பார்கள்.

பக்கம் திருப்புவது தனிக் கலை. ஒரு பக்கம் 45 நிமிடம், கச்சேரியின் இரண்டாம் பகுதியோ 80 நிமிடத்தைத் தாண்டும், பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். 43ஆம் நிமிடம் வரை காத்திருந்தவருக்கு நல்ல இடம் நடுவில் வெட்டுப்படும். 35 தாண்டியதும் சுதி சேர்க்கும் இடைவெளி கிடைத்தால் அப்போதே திருப்பிவிட வேண்டும். பக்கத்தில் உள்ளவரும் நீங்களும் வெவ்வேறு நேரத்தில் திருப்பினால், பிறகு இருவர் கேசட்டையும் வைத்து வெட்டில்லாத பிரதி எடுக்கலாம். இப்படிப் பேசி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. மைக்கின் கீழே பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, விசில் கூடவே கூடாது.

இனி பிரதி. எழுதப்படாத முதல் விதி, கச்சேரி டேப்புக்குக் காசு வாங்கக் கூடாது. டேப்புக்கு டேப். கையில் ஒன்றும் இல்லாத புதியவர் வெற்றுக் கேசட்டும் திரும்பும் தபால் செலவும் அனுப்புவார், யாராவது ஒரு மூத்தவர் பதிந்து தருவார். அனுப்பும்போது பிளாஸ்டிக் டப்பாவைக் கழற்றிவிட வேண்டும், உடையும், எடையும் கூடும். குமிழித் தாள் உறைதான் சரி. காகிதத் தூள் அடைத்த உறை கிழிந்தால் அந்தத் தூள் நாடாவில் ஏறும். அதில் அனுப்பியவருக்கு இரண்டாம் தடவை பதில் வராது. பதிந்த கேசட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்கையும் உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தவறான பொத்தானில் எல்லாம் அழியும்.

டால்பி என்ற இரைச்சல் குறைப்பு வேண்டாம் என்பதில் எல்லோரும் பிடிவாதம். ஒரு டெக்கின் டால்பி இன்னொன்றோடு அச்சாகப் பொருந்தாது. பிரதியிலிருந்து பிரதி எடுக்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் மேல் ஸ்வரம் மங்கிக்கொண்டே போகும். இரைச்சலைக் காது பொறுத்துக்கொள்ளும், செத்த சிம்பல் (தாளத்தட்டு) ஓசையை எதுவும் எழுப்பாது. அதிவேகப் பிரதியும் கூடாது, 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் கொடுத்தே ஆக வேண்டும். அட்டையில் தேதி, அரங்கு, பாட்டு வரிசை, ஒலி மேசைப் பதிவா பார்வையாளர் பதிவா, எத்தனையாவது தலைமுறை என்று எழுதாவிட்டால் அது அநாதைக் கேசட். 1987இல் டெட்பேஸ் என்ற பாட்டுப் பட்டியல் நூல் வந்த பிறகு தேதிச் சண்டைகள் கொஞ்சம் குறைந்தன.

நல்ல பதிவு கிடைத்தால் டேப் மரம் வளர்ப்பார்கள். வேரில் இருப்பவர் ஐந்து பேருக்கு, அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பேருக்கு, மூன்றே படியில் 155 பேருக்குப் போய்விடும். மூன்று கேசட் கச்சேரி என்றால் ஒரு கிளைக்காரர் 15 கேசட் பதிய வேண்டும், ஒவ்வொன்றாகப் பதிந்தால் இருபத்திரண்டரை மணி நேரம். முதல் படியில் ஒருவர் வீடு மாறிப் பதில் போடாமல் விட்டால் கீழே 30 பேர் காத்துக் கிடப்பார்கள். எனவே மேல் கிளைக்கு நல்ல டெக் வைத்திருப்பவரைவிடச் சொன்ன வாரத்தில் தபாலில் போடுபவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால் கச்சேரி இப்படிக் கை மாறிக் கை மாறியே புகழ் பெற்றது. 2011க்கான அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது ஏறியது.

*

வண்டி பற்றிச் சுருக்கமாக. டெட்ஹெட்டுகளின் ஃபோக்ஸ்வாகன் பஸ் என்ற வேன் படத்தில் அழகு, ஓட்டுகிறவருக்கு வேலை. காற்றில் குளிரும் 1600 சிசி எஞ்சினில் ஆயில் இரண்டரை லிட்டர்தான், வடிகட்டி என்று பார்த்தால் ஒரு கம்பிவலை. 5000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு கோடைக் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் அது நடுவழியிலேயே வந்துவிடும். வால்வு இடைவெளி 0.15 மி.மீ., எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் பார்க்க முடியும். கச்சேரி முடிந்த கையோடு கிளம்பலாம் என்று பின்சீட்டுக்காரர்கள் அவசரப்படுவதும், காலையில் பார்த்துவிட்டுத்தான் என்று ஓட்டுநர் மறுப்பதும் எல்லா வண்டியிலும் நடக்கும் சண்டை. ஓட்டுநர் பக்கம்தான் நியாயம். பழைய மாடல்களில் ஆயில் குளிர்விப்பான் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிக்கும், ஆள் நிறைந்த வண்டியை வெயிலில் மேட்டில் விரட்டினால் அங்குள்ள வெளியேற்று வால்வு முதலில் போகும். 55 மைல் வேகத்தைத் தாண்டாதவர்கள்தான் அடுத்த கச்சேரியின் முதல் பாட்டைக் கேட்டார்கள்.

பெட்ரோலை வண்டிக்காரரை விட்டுவிட்டு மற்றவர்கள் பிரித்துக்கொள்வது முறை, ஆயிலும் டயரும் அவர் தலையில் இருப்பதால். இதைக் கிளம்பும் முன் பேசாத குழுக்கள் மூன்றாம் ஊரில் பிரியும்.

இன்னொன்றையும் கிளம்பும் முன்பே கேட்டுவிட வேண்டும்: யார் பையில் என்ன இருக்கிறது? எல்எஸ்டி என்ற போதை மருந்துக் கலவை 1 கிராம் என்றால் குறைந்தது ஐந்து ஆண்டு சிறை என்பது அமெரிக்கச் சட்டம். 1991இல் சாப்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், மருந்து தோய்ந்த காகிதத்தின் எடையும் சேர்த்தி என்றது. அந்த வழக்கில் மருந்து மட்டும் சுமார் 50 மில்லிகிராம், காகிதத்தோடு 5.7 கிராம். சுற்றின் வழியில் பிடிபட்ட சிறுவயதுக்காரர்கள் பலருக்கு இந்தக் கணக்குதான் வாழ்க்கையைத் தின்றது.

*

அரங்க வாசல் சந்திப்புகளும் சேரட்டும். டிக்கெட் இல்லாதவர் ஒரு விரலை உயர்த்திக்கொண்டு நிற்பார். இலவசமாக ஒன்று கிடைத்தால் அதற்கு 'மிராக்கிள்' என்று பெயர், 1978இல் வந்த இவர்களுடைய பாட்டொன்றிலிருந்து. வாகன நிறுத்தத்தில் ஷேக்டவுன் ஸ்ட்ரீட் என்ற தற்காலிகச் சந்தை. வறுத்த சீஸ் ரொட்டி, காய்கறி புரிட்டோ, சாயச் சட்டை விற்று அடுத்த ஊருக்குப் பெட்ரோல் தேற்றுவார்கள். காசு நுழையலாம் என்று ஊரே ஒத்துக்கொண்ட இடம் அது.

குடியும் போதையும் விட்டவர்கள் வார்ஃப் ராட்ஸ் என்ற பெயரில் இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய இடத்தில் கூடுவார்கள். புது ஊரில் தனியாக வந்தவருக்குப் பலூனைத் தேடிப் போனால் போதும், கூட்டம் தயார். காது கேளாத ரசிகர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரோடு தனிப் பகுதி உண்டு, அவர்களும் பலூன் வைத்திருப்பார்கள், இரண்டு கையாலும் பிடித்து அதிர்வைக் கேட்க. எந்தப் பலூன் எதற்கு என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நட்பைப் பற்றி ஆராயும் சமூகவியலாளர் ரெபெக்கா ஆடம்ஸ், 1989 கோடையில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ பல்கலைக்கழக மாணவர்களைப் பாடத்தின் பகுதியாகவே இந்தச் சுற்றுக்கு அழைத்துப் போனார். படிப்பதற்கு அங்கே விஷயம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

*

முதலில் எழுதிய நண்பர் சட்டம் என்றாரே, அது எங்கே உடைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1987இல் குழுவின் 'டச் ஆஃப் கிரே' பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் 9ஆம் இடம் வரை போனது. டிக்கெட்டே இல்லாமல் வாகன நிறுத்தக் கொண்டாட்டத்துக்கு மட்டும் வருபவர்கள் பெருகினார்கள். உறை எழுதத் தெரியாது, டேப் மாற்றத் தெரியாது, யாருக்கும் எதுவும் கடன்படாதவர்கள். 1989இல் வளாகத்தில் விற்பனையும் கூடாரமும் தடை செய்யப்பட்டன. அந்த அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கச்சேரிகளைக் குழு தன் பழைய பெயரான வார்லாக்ஸ் என்ற பெயரில் அறிவித்து, டிக்கெட்டை அந்த வட்டாரத்தில் மட்டும், கடைசி நாட்களில் விற்றது. கூட்டத்தைக் குறைக்க அவ்வளவு பாடு. 1995 ஜூலை 2 அன்று இண்டியானாவின் டியர் கிரீக் அரங்கில் டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. உள்ளே இருந்த சிலர் கை கொடுத்தார்கள். மறுநாள் கச்சேரி ரத்து. ஜூலை 9 சிகாகோவில் கடைசிக் கச்சேரி, ஆகஸ்ட் 9 குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா மறைந்தார்.

கேசட்டுகள் இன்னும் இருக்கின்றன. பழைய கூட்டாளிகள் இப்போது சேர்ந்து செய்கிற வேலை அவற்றைக் கணினியில் ஏற்றுவதுதான். செய்ய நினைப்பவர்களுக்கு: முதல் தலைமுறைப் பிரதியை மட்டும் எடுங்கள். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும், சிம்பல் தெளியும் வரை திருகிச் சரிசெய்யுங்கள். கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத் திண்டு உதிர்ந்திருந்தால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிவிடுங்கள். டால்பி அணைந்திருக்கட்டும். 24 பிட்டில் ஏற்றி, ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக வையுங்கள், எம்பி3 வேண்டாம். கூடவே ஓர் எழுத்துக் கோப்பு: மைக், டெக், தலைமுறை, ஏற்றிய கருவி, பக்கம் திரும்பிய இடம், எந்தப் பாட்டு வெட்டுப்பட்டது. பதிந்தவர் பெயரைப் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சிலருக்கு அது பிடிப்பதில்லை.