சிலம்பக் கம்பு வெடித்துவிட்டது: அடுத்து பிரம்பா, மூங்கிலா?

மதுரை_அப்பா:
பையனுக்கு 10 வயது, உயரம் நாலேகால் அடி. சிலம்பம் கற்றுக்கொள்கிறான். கடையில் வாங்கிய மூங்கில் கம்பு நீளவாக்கில் வெடித்துவிட்டது. அடுத்து பிரம்பு வாங்கலாமா? நீளம், கனம் எவ்வளவு? மணிக்கட்டு வலிக்கிறது என்கிறான், அது கம்பாலா, சுற்றும் முறையாலா?

கல்மூங்கில்:
பெரும்பாலும் இளமூங்கிலாகத்தான் இருக்கும். மூன்று வயதாவது ஆகாத மூங்கிலில் ஈரம் அதிகம், காயக் காயச் சுருங்கும். அதை வெயிலில் போட்டால் மேல்தோல் முந்திக் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? மழைக்காலம் முடிந்து வெட்டி, இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைப்பதுதான் முறை. ஊறும்போது மாவுச்சத்து கரைந்து போகும், வண்டு அவ்வளவாக அண்டாது. வாங்கும்போது கம்பைத் தரையில் தட்டிப் பாருங்கள். பொடிப்பொடியாக மாவு கொட்டினால் உளுத்த கம்பு, வேண்டாம்.

கணுவையும் பாருங்கள். பளபளப்பாக இருக்கட்டும் என்று கணுவை ஆழமாகச் சீவியிருப்பார்கள். நாரே அறுந்திருக்கும், முதல் பலத்த அடியில் அங்கேதான் ஒடியும். உள்ளே துளை இல்லாத கெட்டி மூங்கில் கிடைத்தால் பிரம்பைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பிரம்படி:
பெரியவர்களுக்குச் சரி. பத்து வயதுப் பையனுக்குப் பிரம்புதான் சார். மூங்கில் உடைந்தால் கத்தி மாதிரிச் சிலாம்பு நிற்கும், எதிரில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து. பிரம்பு அப்படி உடையாது, நுனி நார்நாராகப் பிரியும், அவ்வளவுதான். பிரிந்த இடத்தை வெட்டிவிட்டு மீதியை ஆடலாம்.

நிமிர்ந்து நின்றால் கம்பு புருவம் வரை வர வேண்டும் என்பது வழக்கமான அளவு. உங்கள் பையனுக்கு 4 அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வளர்கிற பிள்ளை என்று அஞ்சரை அடி வாங்கிவிடாதீர்கள், நுனி தரையில் இடித்துக்கொண்டே இருக்கும். பருமன் முக்கால் அங்குலம், எடை கால் கிலோவைத் தாண்ட வேண்டாம்.

பிரம்பு வளைந்திருந்தால் அடுப்புத் தணலில் அந்த இடத்தை மட்டும் உருட்டி உருட்டிக் காட்டுங்கள். கை பொறுக்காத சூடு வந்ததும் எதிர்ப்பக்கம் சற்றுக் கூடுதலாக வளைத்து, ஆறும்வரை பிடியை விடாதீர்கள். ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டினால் கருகி, பிறகு அங்கேயே முறியும். சுவரில் சாய்த்து வைத்தால் மறுபடி வளையும், படுக்கப் போட்டு வையுங்கள். ஜிகினா ஒட்டிய அலுமினியக் குழாய் மேடைக்குச் சரி, அடி வாங்கினால் நசுங்கும்.

காலடி:
கம்பு பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். மணிக்கட்டு வலிக்குக் கனமான கம்பும் காரணமாகலாம், ஆனால் பொதுவாகக் காரணம் பிடிதான். ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்தால் சுற்றும் பாரம் முழுவதும் மணிக்கட்டின் மேலேயே விழும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கம்பை வளையமாகப் பிடிக்க, மற்ற மூன்று விரலும் கம்பு திரும்பும்போது திறந்து மூட வேண்டும். உள்ளங்கை நடுவில் கொப்புளம் வந்தால் இறுக்கம் என்று அர்த்தம். வலி போகும்வரை சுற்றுவதை நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. வெறுங்கையோடு காலடி வரிசை, அதாவது கால் எடுத்து வைக்கும் முறை, பழக்காமல் கம்பைக் கொடுத்துவிடுகிற வகுப்புகள் இப்போது அதிகம். பதக்கம், விளையாட்டு ஒதுக்கீடு என்று பெற்றோரும் அவசரப்படுத்துகிறார்கள். காலைத் தரையில் ஊன்றி வைத்து இடுப்பை மட்டும் திருப்பினால் முறுக்கம் முழங்காலுக்குப் போகும். திரும்பும்போது குதிகால் லேசாக எழும்பி, முன்பாதத்தில் கால் சுழல வேண்டும். சிமெண்டுத் தரையில் செருப்போடு ஆடினால் பாதம் பிடித்துக்கொண்டு சுழலாது. மண்தரையில் வெறுங்கால்தான் நல்லது.

மதுரை_அப்பா:
நன்றி. இரண்டு நுனியிலும் உலோகப் பூண் போட்டால் பிரம்பு பிரியாதா?

பிரம்படி:
பிரியாது, ஆனால் நுனி கனத்துவிடும். இப்போதைய மணிக்கட்டு வலிக்கு அதுதான் வேண்டாத வேலை. ஜோடி ஆட்டத்தில் எதிராளியின் விரல் எலும்பும் பேர்ந்துவிடும். துணி நாடாவை நுனியில் இரண்டு அங்குலத்துக்கு இறுக்கிச் சுற்றுங்கள், கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.