99 சதவீதம் எலியா நாம்?

வியாசை மோகன்:
ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு நூலகத்தில் ஒருவர் பேசினார். "எலிக்கும் மனிதனுக்கும் 99 சதவீதம் ஒரே ஜீன். ஜீனை மாற்றிய எலிக்குக் குணமானால் நமக்கும் குணமாகும்" என்றார். கைதட்டு வேறு! எனக்கு வயிறு எரிந்தது. எந்த 99?

தண்டையார்பேட்டை சுமதி:
மோகன் அண்ணா, பாதி சரிதான். 2002இல் எலியின் மரபணுத் தொகுப்பு வெளியானது. அதில் சுமார் 99 சதவீத மரபணுக்களுக்கு மனிதனிடம் ஏதோ ஒரு உறவு உண்டு. ஒன்றுக்கு ஒன்று நேர் இணை 80 சதவீதத்துக்குத்தான்.

வியாசை மோகன்:
ஆக, 99 இப்போது 80 ஆகிவிட்டது. என் அக்கா மகனுக்குத் தசைச்சிதைவு நோய். டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் இல்லை. ஒன்பது வயதில் ஹவுசிங் போர்டு படியில் தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறினான். பதினொன்றில் வீல்சேர். அதே புரதம் இல்லாத எம்டிஎக்ஸ் எலி கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே போனது 99?

காசிமேடு ரவி:
அண்ணே, பையனை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எம்டிஎக்ஸ் யாரும் ஜீனை மாற்றிச் செய்த எலி இல்லை. தானாக வந்த பிறழ்வு, 1984இல் அறிவித்தார்கள். பேசுவது ஒன்று, காட்டுவது ஒன்று. முன்பு எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள்.

வியாசை மோகன்:
எண்ணூரை ஏன் இழுக்கிறாய் தம்பி? அன்றைக்குப் பதில் சொல்லாமல் பாதியில் ஓடியது நீ.

காசிமேடு ரவி:
படகு வேலைக்குப் போனேன். எல்லோருக்கும் உங்களை மாதிரி நாள் முழுக்கப் பேச நேரம் இல்லை.

பெரம்பூர் லதா:
எலியைக் கொல்வதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே?

தண்டையார்பேட்டை சுமதி:
அக்கா, அதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். போலியோ வைரஸ் சாதாரண எலியின் செல்லில் பெரும்பாலும் ஒட்டாது. அது ஒட்டிக்கொள்ளும் மனிதப் புரதத்தின் மரபணுவை எலிக்குள் வைத்தார்கள், எலிக்கும் நோய் வந்தது. முன்பு சொட்டு மருந்தைக் குரங்கில்தான் சோதித்தாக வேண்டும். அந்த எலி வந்தபின் நிறைய குரங்குகள் தப்பின. கரோனாவிலும் அதே கதை. 2007இல் சார்ஸ் என்ற முந்தைய கரோனா வகை நோய்க்காகச் செய்த எலிதான் 2020இல் கைகொடுத்தது. ஜீனை நீக்கிப் பார்க்கும் முறைக்கு 2007இல் நோபல் கொடுத்தார்கள். சும்மாவா கொடுப்பார்கள்?

வியாசை மோகன்:
நானும் அதைத்தான் சொல்கிறேன்! மனித ஜீனை உள்ளே வைத்தபிறகுதான் நோயே வந்தது. அப்புறம் என்ன 99? அல்சைமருக்கு எலியில் வேலை செய்த மருந்துகள் எத்தனை மனிதனிடம் தோற்றன! எங்கள் அக்கா ஒவ்வொரு செய்தியையும் வெட்டி வைத்துக் காத்திருக்கிறாள். "எலிக்குச் சரியாகிவிட்டதாம்டா" என்று போன் பண்ணுவாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

காசிமேடு ரவி:
80 என்று சொல்லுங்கள்.

வியாசை மோகன்:
உன்னிடம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அவரையே கேட்கிறேன், எந்த 99 என்று. சுமதியும் வரட்டும்.

தண்டையார்பேட்டை சுமதி:
வருகிறேன் அண்ணா. போலியோ எலியைப் பற்றியும் பேசுவேன், குறுக்கே பேசக்கூடாது.