அப்பா அம்மாவோட ஒயிட் மவுண்டன்ஸ் ஃபால் கலர்ஸ் – எந்த வாரம் போறது, முட்டி வலியோட எதெல்லாம் பாக்கலாம்?

நெல்லைப்பையன்_எடிசன்:

வணக்கம் மக்களே. ஊர்ல இருந்து அப்பா அம்மா ஆகஸ்ட்ல வந்தாங்க, நவம்பர் கடைசில ரிட்டர்ன் டிக்கெட். இதுவரைக்கும் நியூ ஜெர்சி எடிசன்ல அபார்ட்மெண்ட், இந்தியன் ஸ்டோர், கோவில், மறுபடி அபார்ட்மெண்ட்னே ஓடிட்டு இருக்கு, அதான் இந்த தடவை நியூ ஹாம்ப்ஷயர் ஒயிட் மவுண்டன்ஸ் கூட்டிட்டுப் போய் இலை கலர் மாறறத காட்டலாம்னு பிளான். கேன்கமாகஸ் ஹைவேன்னு எல்லாரும் சொல்றாங்க.

மொதல்ல தேதி. ஒரு ஆள் செப்டம்பர் கடைசிங்கறான், இன்னொருத்தன் கொலம்பஸ் டே வீக்கெண்டுங்கறான், சரியா பீக் என்னைக்குன்னு யாராவது சொன்னீங்கன்னா ரூம் போட்டுருவேன். அப்புறம் அம்மாக்கு 66, முட்டி வலி, சமதரைல அரை மணி நேரம் நடப்பாங்க, படி ஏற மாட்டாங்க. அப்பாக்கு 71, மாஞ்சோலை குதிரைவெட்டின்னு மலை பாத்தே வளர்ந்த மனுசன், நம்மள விட வேகமா நடப்பாரு. ரெண்டு நாள்ல கேன்கமாகஸ், ஃபிளூம் கார்ஜ், மவுண்ட் வாஷிங்டன், அப்படியே வெர்மாண்ட் ஒரு ரவுண்டு, முடியுமா?

அம்மா வேற "எய்யா, உதிரப் போற இலையப் பாக்கதுக்கா ஆறு மணி நேரம் கார்ல போவணும், நம்ம வாசல்ல பெருக்குததெல்லாம் என்னதாம்"னு கேக்காங்க, என்கிட்ட பதில் இல்ல. அப்பா ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார், அவரு கேள்வி வேற. பச்சை போனா மஞ்சள் சரி, செவப்பு எங்க இருந்துடா வருதுன்னாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாஷுவா_அக்கா:

தம்பி, நான் இந்தப் பக்கம் 11 வருஷமா இருக்கேன், வருஷா வருஷம் யாராவது ஒருத்தரோட அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போய்ட்டு தான் இருக்கேன், அதனால நேராவே சொல்றேன். உங்க லிஸ்டுல பாதிய அடிச்சிடுங்க. ரெண்டு நாள்ல இத்தனையும் போட்டா அம்மா கார் ஜன்னல தவிர வேற எதையும் பாக்க மாட்டாங்க.

பீக்னு ஒரு தேதி கிடையாது. உயரத்துலயும் வடக்கயும் மொதல்ல மாறும், அப்படியே கீழயும் தெக்கயும் இறங்கிட்டு வரும். கேன்கமாகஸ் பாஸ் (அந்த ரோட்டோட உச்சில இருக்கற கணவாய்) 2,855 அடி, அந்தப் பக்கம் கான்வே ஊர் பள்ளத்துல இருக்கு. அதனால செப்டம்பர் கடைசில இருந்து அக்டோபர் 12 வரைக்கும் எப்ப போனாலும் 34.5 மைல் ரோட்டுல எங்கயாவது ஒரு இடம் நல்ல கலர்ல தான் இருக்கும். மேல கொட்டிப் போயிருந்தா கீழ சரியா இருக்கும், கீழ பச்சையா இருந்தா மேல தீயா இருக்கும். என்னைக்கு பீக்குன்னு கேக்கறத விட்டுட்டு என்னைக்கு கூட்டம் இல்லன்னு கேளுங்க. அக்டோபர் ரெண்டாவது திங்கள் லீவு வர்ற அந்த வீக்கெண்டு மட்டும் வேணவே வேணாம். ஒரு வருஷம் ரோட்டோட மேற்கு முனைல இருக்கற லிங்கன் ஊருக்குள்ள ரெண்டு மைல் நகர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, என் மாமியார் அன்னைக்கு பாத்த ஒரே செவப்பு முன்னாடி வண்டியோட பிரேக் லைட்டு தான். ரெண்டு நாள் லீவு போட்டு செவ்வா புதன் போங்க.

முட்டிக்கு: ஃபிளூம் கார்ஜ் வேண்டாம். அழகான இடம் தான், 1808-ல ஜெஸ் கெர்ன்சின்னு 93 வயசு பாட்டி மீன் பிடிக்கப் போய் கண்டுபிடிச்சதா சொல்லுவாங்க, ஆனா அந்தப் பாட்டி முட்டி வேற நம்ம அம்மா முட்டி வேற. ரெண்டு மைல் சுத்து, ஏகப்பட்ட படி. அதுக்குப் பதிலா கேன்கமாகஸ்லயே லோயர் ஃபால்ஸ், ராக்கி கார்ஜ் ரெண்டும் வண்டிய நிறுத்தினா பக்கத்துலயே ஸ்விஃப்ட் ஆறு. ராக்கி கார்ஜ்ல ஒரு சின்ன நடைபாலம் இருக்கு, அதுல நின்னா போதும், ரெண்டு பக்கமும் மேப்பிள், கீழ பாறைக்கு நடுவுல தண்ணி. சாபடே ஃபால்ஸ் கால் மைல் சொச்சம், கடைசில படி உண்டு, அப்பா மட்டும் போய்ட்டு வரட்டும். அதே வழில ஆல்பனிங்கற ஊர்ல 1858-ல கட்டின மரக்கூரை போட்ட பாலம் ஒண்ணு, வண்டியிலயே உள்ள போலாம், ஆனா உயரம் குறைவு, கூரை மேல பெட்டி கட்டியிருந்தா உள்ள விடாதீங்க.

முக்கியமானது: அந்த 34 மைல்லயும் பெட்ரோல் பங்க் கிடையாது, சாப்பாட்டுக் கடை கிடையாது, போன் சிக்னல் பெரும்பாலும் கிடையாது. லிங்கன்லயே டேங்க் ஃபுல் பண்ணிட்டு மேப்ப டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. டாய்லெட் இருக்கு, ஆனா குழிக் கக்கூஸ் தான், பெரியவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. வண்டி நிறுத்தற இடத்துல கட்டணம் உண்டு, உறையில போட்டு பெட்டில போடணும், அதனால நோட்டா கையில வச்சுக்கோங்க.

ஆமா, போற வழியில மாசசூசெட்ஸ்ல ஆஷ்லாந்து லட்சுமி கோவில் வரும், நம்ம ஊர் மாதிரியே கோபுரம். அங்க ஒரு மணி நேரம் நிறுத்தினீங்கன்னா அம்மா மிச்ச வழி பூரா எதுவும் சொல்ல மாட்டாங்க. அனுபவம் 😄

லென்ஸ்_மாமா:

அக்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். வெயில் அடிச்சா தான் கலர் நல்லா இருக்கும்னு நெனச்சு மேகமூட்டமா இருக்கற நாள கேன்சல் பண்ணாதீங்க. லேசா தூறல் விழுந்து இலை நனைஞ்சிருக்கற நாள்ல தான் செவப்பு செவப்பா தெரியும், வெயில்ல பாதி பளபளப்புல போய்டும். கேமராவுக்கு போலரைசர் ஃபில்டர் (பளபளப்ப குறைக்கற கண்ணாடி) இருந்தா மாட்டுங்க. சாயங்காலம் பாஸ்ஸுக்கு மேற்கால இருக்கற பெமி ஓவர்லுக், சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்கறது வரைக்கும் நில்லுங்க, கார விட்டு ரெண்டு அடி வச்சா போதும், முட்டிக்கும் பிரச்சினை இல்ல. திரும்பும்போது மெதுவா ஓட்டுங்க, இருட்டினப்புறம் மூஸ் (ரொம்ப பெரிய மான் வகை) குறுக்க வரும், கருப்பா இருக்கும், உயரத்துக்கு அதோட கண்ணு ஹெட்லைட்ல மின்னாது, பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியாது. காட்டெருமை மேல மோதின மாதிரின்னு வச்சுக்கோங்க.

அக்ரி_படிச்ச_ஐடி:

அப்பா கேட்ட கேள்விக்காகவே லாகின் பண்ணேன். சார்கிட்ட இப்படி சொல்லிப் பாருங்க.

மஞ்சள் புதுசா வர்றதில்ல, கரோட்டினாய்டுங்கற மஞ்சள் சாயம் இலைக்குள்ள வசந்த காலத்துல இருந்தே இருக்கு, பச்சையம் அதிகமா இருக்கறதால அது மறைஞ்சிருக்கு. பகல் பொழுது குறைய ஆரம்பிச்சதும் மரம் புதுசா பச்சையம் தயார் பண்றத நிறுத்திடும், இருக்கறத ஒடைச்சு அதுல உள்ள நைட்ரஜன திரும்ப கிளைக்குள்ள இழுத்துக்கும். பச்சை வடிஞ்சா மஞ்சள் வெளிய வரும். பிர்ச், ஆஸ்பென் எல்லாம் இந்தக் கணக்கு.

செவப்பு அப்படி இல்ல. அது ஆந்தோசயனின், கடைசி நேரத்துல இலை புதுசா தயாரிக்கறது. காம்பு கிளையோட சேர்ற எடத்துல தக்கை மாதிரி ஒரு அடுக்கு வளர்ந்து குழாய அடைக்க ஆரம்பிக்கும், பகல்ல வெயில்ல செஞ்ச சர்க்கரை வெளிய போக முடியாம இலைக்குள்ளயே தேங்கும், அதுல இருந்து தான் இந்தச் செவப்பு. அதனால தான் பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி குளிரும் (ஆனா உறைபனி கூடாது) இருக்கற வருஷம் மேப்பிள் வெறி புடிச்ச மாதிரி செவக்கும். கோடைல தண்ணி இல்லாம காஞ்சா கலர் மங்கிடும், சீக்கிரமா கொட்டியும் போய்டும். விழப் போற இலைக்கு எதுக்கு மரம் இவ்வளவு செலவு பண்ணுதுன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் சண்டை தீரல. நைட்ரஜன இழுத்து முடிக்கற வரைக்கும் இலைய வெயில்ல இருந்து காப்பாத்தற குடைன்னு ஒரு கட்சி, பூச்சிக்கு மிரட்டல்னு இன்னொரு கட்சி.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, இந்த ஆந்தோசயனின் நமக்குப் புதுசே இல்ல, மாந்தளிர் கலர்னு புடவைக்கு சொல்றோமே, அந்த மாங்கொழுந்துல இருக்கறதும் இதே வகை சாயம் தான். மேற்குத் தொடர்ச்சி மலைல நாங்கு மரம் கொழுந்து விடும்போது மரமே செவப்பா நிக்கும், குதிரைவெட்டி பக்கம் அலைஞ்சவருன்னா அப்பா கட்டாயம் பாத்திருப்பாரு. நம்ம காட்டுல பொறக்கற இலை செவக்குது, அங்க சாகற இலை செவக்குது. அவ்வளவு தூரம் கூட வேண்டாம், ஸ்கூல் கிரவுண்டுல நிக்கற வாதாமரம் (கொட்டைய கல்லால உடைச்சு தின்போமே, அது) இலை கொட்டறதுக்கு முன்னாடி நல்ல செவப்பாகும்ல, அதே தான். அந்த ஒத்த வாதாமரத்த மலை முழுக்க நட்டு வச்சா எப்படி இருக்கும்னு அம்மாகிட்ட கேளுங்க, ஆறு மணி நேரத்துக்கு பதில் கிடைச்சிடும்.

ஜெர்சிசிட்டி_சோம்பேறி:

எதுக்கு பாஸ் இவ்வளவு தூரம்? வயசானவங்கள வச்சுக்கிட்டு ஆறு மணி நேரம் போய் ஆறு மணி நேரம் வர்றது எனக்கு சரியாப் படல. அக்டோபர் நடுவுல கேட்ஸ்கில்ஸ் போங்க, ரெண்டரை மணி நேரம். அதையும் விட்டா கடைசி வாரத்துல பேர் மவுண்டன், ஹாரிமன், டெலவேர் வாட்டர் கேப், காலைல இட்லி சாப்பிட்டுக் கிளம்பினா சாயங்காலம் காபிக்கு வீட்டுல இருக்கலாம். கலர் கலர் தான்.

நாஷுவா_அக்கா:

@சோம்பேறி கலர் கலர் தான், ஆனா தெக்க போகப் போக ஓக் ஜாஸ்தி, அது செங்கல் பழுப்பு. வடக்க சுகர் மேப்பிள், அதோட ஸ்ப்ரூஸ், ஃபிர்னு ஊசியிலை மரங்க கரும்பச்சையா நடுவுல நிக்கும், அந்தப் பச்சை இல்லன்னா செவப்பு எடுபடாது. ஆனா ஒரு விஷயத்துல நீங்க சொல்றது சரி, ஒயிட் மவுண்டன்ஸ் மிஸ் ஆனாலும் சீசன் முடிஞ்சிடல, உங்க பக்கம் வர்றதுக்கு இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆகும். ரூம் கிடைக்கலன்னா அதான் வழி.

தம்பி, ரூம் இப்பவே போடுங்க. லிங்கன்ல விலை கேட்டா மயக்கம் வரும், வடக்க லிட்டில்டன் இல்ல தெக்க பிளைமவுத் பாருங்க. லிட்டில்டன்ல தங்கினா காலைல ஃபிராங்கோனியா நாட்ச்ங்கற கணவாய் வழியா தான் வரணும், எக்கோ லேக்ல மலை நிழல் தண்ணில விழறத சும்மாவே பாத்துட்டு வரலாம். அங்க பாறைல மனுச முகம் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, ஓல்ட் மேன் ஆஃப் தி மவுண்டன், மாநிலத்துக்கே சின்னம் அது, 2003 மே 3 ஒரு ராத்திரில இடிஞ்சு விழுந்துடுச்சு. காசுல, ரோட்டு போர்டுல எல்லாம் இன்னும் இருக்காரு, மலைல தான் இல்ல.

நெல்லைப்பையன்_எடிசன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வெர்மாண்ட், ஃபிளூம் ரெண்டையும் தூக்கிட்டேன். மவுண்ட் வாஷிங்டன் மட்டும் மனசு கேக்கல, 1869-ல இருந்து ஓடற பல்சக்கர ரயில் இருக்காமே, படி ஏற வேண்டாம்ல?

லென்ஸ்_மாமா:

ரயில் நல்லா தான் இருக்கும், ஆனா உச்சி 6,288 அடி, 1934-ல மணிக்கு 231 மைல் காத்து பதிவான இடம். அக்டோபர்ல மேல ஐஸ் பிடிச்சிருக்கலாம், மூடுபனில உங்க கையே உங்களுக்கு தெரியாம போகலாம், இலைன்னு மேல ஒண்ணும் கிடையாது. தெளிவான நாளா அமைஞ்சா போங்க, முன்னாடியே காசு கட்டி மாட்டிக்காதீங்க.

நெல்லைப்பையன்_எடிசன்:

போய்ட்டு வந்தாச்சு மக்களே! அக்டோபர் மொத வாரம் செவ்வா, புதன். ரயில் போகல, புதன் காலைல மலை மேல பாதிய காணோம், மேகத்துக்குள்ள இருந்துச்சு.

அக்கா சொன்ன மாதிரியே பாஸ்ல கொஞ்சம் கொட்டிப் போச்சு, ஆத்தோரம் அப்படி ஒரு கலர். ஆஷ்லாந்து கோவில் ஐடியா சூப்பர், அம்மா அங்க பிரசாதம் வாங்கி டப்பால போட்டுக்கிட்டாங்க, அது தான் லோயர் ஃபால்ஸ்ல மதிய சாப்பாடு, கூட வீட்டுல இருந்து கொண்டு போன எலுமிச்சை சாதம். காலைல 3 டிகிரி, தயிர்சாதம் வேண்டாம்னு நான் சொன்னத கேக்காம கட்டினாங்க, அத யாரும் தொடல. ரூம் மட்டும் சொதப்பல், ஹீட்டர் ராத்திரி பூரா லொடலொடன்னு அடிச்சுச்சு, பேர் வேண்டாம்.

அப்பா சாபடே ஃபால்ஸ் படி ஏறிப் போய்ட்டு வந்து மூச்சே வாங்கல. வாதாமரக் கணக்க சொன்னேன், "இத நான் முப்பது வருசம் கிளாஸ் ஜன்னல் வழியா பாத்துட்டு பாடம் நடத்தியிருக்கேன்டா, ஒரு பய ஏன்னு கேக்கல, நானும் சொல்லல"ன்னாரு. நாங்கு மரமும் ஞாபகம் இருக்காம், மாஞ்சோலை போற வழில. அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா ராக்கி கார்ஜ் பாலத்துல அரை மணி நேரத்துக்கு மேல நின்னாங்க, முட்டி வலிக்கலயாம்மான்னு கேட்டா "சும்ம இருடே"ன்னுட்டாங்க.

இப்ப ஒரு கடைசி டவுட்டு. மோட்டல் பார்க்கிங்ல அம்மா ஒரு பை நெறைய மேப்பிள் இலை பொறுக்கிட்டு வந்துட்டாங்க, தங்கச்சி கொலுவுக்கு போட்டோ காட்டணுமாம். ஒரு நாள்லயே ஓரமெல்லாம் சுருள ஆரம்பிச்சிருச்சு. எப்படி பத்திரப்படுத்தறது?

அக்ரி_படிச்ச_ஐடி:

மெழுகுக் காகிதம் வாங்குங்க, கேக் செய்யற சாமான் விக்கற எடத்துல கிடைக்கும். ரெண்டு தாளுக்கு நடுவுல இலைய வச்சு, மேல ஒரு பழைய துண்ட போட்டு அயர்ன் பண்ணுங்க, ஸ்டீம் ஆஃப் பண்ணிட்டு. ஈரம் இருந்தா கருத்துடும், அதனால மொதல்ல ஒரு நாள் ரெண்டு நாள் தடி புக்குக்கு நடுவுல வச்சு காய விடுங்க. செவப்பு எப்படியும் கொஞ்சம் மங்கும், மஞ்சள் நிக்கும்.