மறு: உள்ளீட்டுத் தாமதமா, திரைச் சுணக்கமா?

ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

டிவி பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு ஐயா தொகுத்துவரும் தமிழ்க் கலைச்சொல் பட்டியலின் இரண்டாம் வரைவை முழுதாகப் படித்தேன். அகலத்திரை, பிரிதிறன், புதுப்பிப்பு வீதம் இவற்றில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. புழங்கிப் பழகிய சொற்கள், அப்படியே இருக்கட்டும். முதலில் இடிப்பது இந்த இரண்டு வரிகள்:

> இன்புட் லேக் – உள்ளீட்டுத் தாமதம்
> ரெஸ்பான்ஸ் டைம் – மறுமொழி நேரம்

சொல்லுக்குச் சொல் சரிதான், இலக்கணப்படியும் குற்றம் இல்லை. ஆனால் கேம் ஆடவும் படம் பார்க்கவும் கையைக் கடிக்காத ஒரு டிவி தேடுகிறவர், இந்தப் பட்டியலை நம்பிக் கடைக்குப் போனால் தவறான பெட்டியோடுதான் வீடு திரும்புவார்.

ஒரு பொத்தானை அமுக்குகிறேன், திரையில் ஆள் குதிக்கிறான். இடையில் என்ன நடக்கிறது? கன்சோல் (கேமை ஓட்டும் பெட்டி) பொத்தானைப் படிக்கிறது, கணக்குப் போடுகிறது, ஒரு சட்டகத்தை, அதாவது ஃபிரேம் எனும் ஒற்றைப் படத்தை, வரைந்து கேபிள் வழியே அனுப்புகிறது. அது டிவிக்குள் நுழைந்ததும் டிவி அதை நேரே திரைக்கு விடுவதில்லை. உட்கார வைத்து ஒப்பனை செய்கிறது: கூர்மை ஏற்றுகிறது, புள்ளிப் பிசிறைத் துடைக்கிறது, நிறத்தைத் தூக்குகிறது. இந்த ஒப்பனை அறையில் கழிகிற நேரம்தான் பெரும்பாலும் இன்புட் லேக். ரெஸ்பான்ஸ் டைம் அதற்கும் அடுத்த கட்டம். கட்டளை வந்த பிறகு ஒவ்வொரு படப்புள்ளியும் பழைய நிறத்தை விட்டுப் புதிய நிறத்துக்குப் போக எடுக்கும் நேரம் அது.

இப்போது 'மறுமொழி நேரம்' என்பதை முதல்முறை பார்க்கிறவர் என்ன நினைப்பார்? நான் அமுக்கியதற்கு டிவி மறுமொழி சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றுதான் நினைப்பார். முதலாவதின் பொருளை இரண்டாவது தட்டிக்கொண்டு போய்விட்டது! விவரத்தாளில் ரெஸ்பான்ஸ் டைம் 8 மில்லிநொடி என்று போட்டிருக்கும். ஆகா, மின்னல் வேகம் என்று வாங்கிவிடுவார். இன்புட் லேக்கை விவரத்தாளில் பெரும்பாலும் போடுவதே இல்லை. அது 80 ஆகவும் இருக்கலாம், 100 ஆகவும் இருக்கலாம்.

'உள்ளீடு' அடுத்த குழப்பம். உள்ளீடு என்றதும் நம் மனம் போவது பொத்தானுக்கு, ரிமோட்டுக்கு. தாமதம் கையிலுள்ள கருவியில் இருப்பதாக நினைத்துப் புதுக் கன்ட்ரோலர் வாங்கியவரை நான் அறிவேன். (கண்ணாடியில்தான் அந்த ஆளைப் பார்ப்பது வழக்கம்.)

அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு ஒரு சோதனை செய்தேன். போனில் நொடிக்கு 240 சட்டகம் பிடிக்கும் மெதுவசைவுப் பதிவு இருந்தது. கட்டைவிரலும் திரையும் ஒரே படத்தில் விழும்படி போனை நிறுத்தி, குதிக்கும் பொத்தானைப் பத்துத் தடவை அமுக்கினேன். அப்புறம் பதிவை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, விரல் அடியைத் தொட்டதிலிருந்து பொம்மையின் கால் தரையை விடும் வரை எண்ணினேன். வழக்கமான பட அமைப்பில் சராசரியாக 44 சட்டகம். டிவியில் ஒப்பனையைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டுவிட்டு எண்ணினால் 25. கன்சோல் அதே, கன்ட்ரோலர் அதே, கேபிளும் அதே. பதிவின் ஒரு சட்டகம் 4 மில்லிநொடிக்குச் சற்று மேல் என்பதால் அந்த 19 சட்டக வித்தியாசம் ஏறத்தாழ 79 மில்லிநொடி. நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி நிற்கும். அப்படியானால் நான் கிட்டத்தட்ட ஐந்து சட்டகம் பழைய உலகத்தில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே பெயர் இடத்தைச் சொல்லட்டும் என்பதே என் கட்சி. சுணங்குவது உள்ளீடு அல்ல, திரைப்பக்கம். எனவே *திரைச் சுணக்கம்*.

தாமதத்தை ஏன் தள்ளுகிறேன் என்று ஐயா கேட்பார். வடசொல் என்பதால் அல்ல, அந்தச் சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. தாமதம் என்றால் ரயில் தாமதம்: மணிக்கணக்கு, ஒரு தடவை நடந்து முடிந்துபோகும். சுணக்கம் அப்படியல்ல. வேலை நின்றுவிடவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் இழுக்கிறது. 'வேலை கொஞ்சம் சுணங்குது' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஒவ்வொரு சட்டகமும் அதே அளவு பின்தங்கி வந்துகொண்டே இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. வினையாகவும் வளையும்: இந்த டிவி சுணங்கும், அது சுணங்காது. 'உள்ளீட்டுத்தாமதிக்கும்' என்று யாராவது பேசுவார்களா?

சங்கப் பாடல்களில் சுணங்கு என்றால் மகளிர் மேனியில் படரும் பொன்னிறத் தேமலாயிற்றே, வேங்கைப் பூவுக்கு ஒப்பிடுவார்களே என்று தமிழாசிரியர் ஒருவர் தனிமடலில் சிரித்திருந்தார். உண்மைதான். ஆனால் கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன். வந்தால் சந்தோஷம்தான்.

தங்கை ஒருவர் எழுதியிருந்தது:

> எல்லாரும் லேக்னுதானே சொல்றோம்? லேக்னே எழுதிட்டுப் போனா என்ன?

சொல்லுங்கள் தங்கையே, யாரும் தடுக்கவில்லை. ஆனால் இணையம் மெதுவானாலும் லேக், கன்சோல் திணறினாலும் லேக், டிவி ஒப்பனை செய்தாலும் லேக் என்கிறோம். மூன்றுக்கும் மருந்து வேறு. டிவி வாங்கப் போகிறவருக்கு மூன்றாவது மட்டும்தான் வேண்டும். தமிழில் எழுதும்போது பிரித்துச் சொல்ல ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்?

சரி, ரெஸ்பான்ஸ் டைம். இதற்கு *நிறமாறு நேரம்* என்று வைக்கலாம். கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது, ஆனால் பொய் சொல்லவில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதனால் கண்ணில் தெரியும் விளைவு. நேரத்தை யாரும் பார்ப்பதில்லை, கறையைத்தான் பார்க்கிறோம். இருண்ட குகைக்குள் ஆள் ஓடும்போது அவன் பின்னால் கருப்பு வால் ஒன்று நீளும். பட்டியலில் இதற்கு 'பேயுருத் தோற்றம்' என்றிருக்கிறது. படித்ததும் டிவிக்கு மந்திரிக்க வேண்டும் போலிருக்கிறது. மை காயுமுன் கை பட்டால் எழுத்து எப்படி இழுபடுமோ அப்படித்தான் இதுவும். அதைத் தீற்றல் என்றால் போதும்.

குறைந்த விலையில் டிவி தேர்கிறவருக்கு இந்தச் சொல் நிச்சயம் வேண்டும். மலிவான எல்.சி.டி. டிவிகளில் பெரும்பாலும் இரண்டு வகைத் திரைகள் வருகின்றன. வி.ஏ. வகையில் கருமை நன்றாக இருக்கும். வெளிச்சத்துக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் 3000, 4000 என்று போகும், இருட்டறையில் படம் பார்க்க அருமை. ஆனால் கருப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு நகர்வதில் சோம்பேறி, தீற்றும். ஐ.பி.எஸ். வகை அவ்வளவாகத் தீற்றாது, பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. ஆனால் அந்த விகிதம் 1000 பக்கம்தான், இரவுக் காட்சியெல்லாம் சாம்பல் பூசியதுபோல் தெரியும். தானே ஒளிரும் ஓ.எல்.ஈ.டி. திரையில் இரண்டு தொல்லையும் இல்லை, விலைதான் தொல்லை. கேமும் படமும் சரிபாதி என்றால் நான் வி.ஏ. பக்கம் சாய்வேன். தீற்றலுக்குக் கண் பழகிவிடுகிறது, சாம்பல் இரவுக்குப் பழகவில்லை. போட்டி ஆட்டமே கதி என்று இருக்கிறவர் வேறுமாதிரி சொல்வார்.

அடுத்து, ஐயா 'இயக்க இடைக்கணிப்பு' என்று போட்டிருப்பது. கணக்குப் பாடத்துக்குச் சரி. ஆனால் நம்மிடம் இதற்கென்றே காத்திருக்கிற ஒரு சொல் உண்டு: *இடைச்செருகல்*. ஏட்டில் புலவர் எழுதாத பாட்டைப் பின்னால் வந்தவர் நடுவில் நுழைத்தால் பதிப்பாசிரியர்கள் அப்படித்தானே சொன்னார்கள்? டிவி செய்வதும் அதே வேலை. சினிமா நொடிக்கு 24 சட்டகம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 ஈவாகப் போகாது, எனவே ஒரு சட்டகம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று மாறிமாறி நிற்கும். கேமரா மெல்லத் திரும்பும் காட்சியில் படம் தத்தித் தத்திப் போவது அதனால்தான். (இதற்குத் *தத்தல்*. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொன்றும் ஐந்து தடவை, தத்தல் இல்லை.) இதை மறைக்க டிவி, இயக்குநர் எடுக்காத சட்டகங்களைத் தானே வரைந்து நடுவில் செருகுகிறது. அப்புறம் எந்தப் படமும் சீரியல் போலத் தெரியும். கண்டிப்பு தொனிக்கும் சொல் கலைச்சொல்லுக்கு ஆகாது என்பீர்கள். இந்த இடத்தில் தொனிக்கட்டும் ஐயா.

சுணக்கத்துக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு உண்டு. இரண்டு சட்டகத்துக்கு நடுவில் ஒன்றைச் செருக வேண்டுமானால் இரண்டாவது கைக்கு வரும்வரை முதலாவதை நிறுத்திவைக்க வேண்டும். செருகச் செருகச் சுணங்கும். சொற்பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் படிக்கிறவருக்கு இந்தத் தொடர்பும் பிடிபடும். அகரவரிசை குலையும் என்று ஐயா முறைப்பது தெரிகிறது.

இனி உண்மையிலேயே ஆபத்தான ஒன்று. கேம் மோடுக்கு 'விளையாட்டு முறை' என்று வரைவில் இருக்கிறது. டிவியில் ஸ்போர்ட்ஸ் மோட் என்று இன்னொன்றும் உண்டே! அதையும் நாம் விளையாட்டு முறை என்றுதான் சொல்லப் போகிறோம். முதலாவது ஒப்பனையைக் குறைத்துச் சுணக்கத்தையும் குறைப்பது. இரண்டாவது பந்து வழுவழுவென்று ஓட வேண்டும் என்று பெரும்பாலும் இடைச்செருகலைக் கூட்டிவைப்பது. ஒன்றுக்கொன்று நேர் எதிர், தமிழில் ஒரே பெயர். ஆட்டம், ஆடல் என்று எதைப் போட்டாலும் இதே முட்டுச்சந்துதான். ஆகவே கேம் மோடைக் *கேம் நிலை* என்றே விட்டுவிடலாம். ஆடுகிறவர்கள் நாள் முழுக்கச் சொல்வதும் கேம்தான், திரையில் தேட வேண்டிய பொத்தானிலும் அதுதான் எழுதியிருக்கும். தூய சொல் கிடைக்கவில்லையே என்று எனக்கும் வருத்தம் உண்டு.

மற்றவை சுருக்கமாக. ஆஸ்பெக்ட் ரேஷியோவுக்குத் 'தோற்ற விகிதம்' வேண்டாம், தோற்றத்தில் என்ன விகிதம்? *அகல உயர விகிதம்* என்றால் படித்த உடனே விளங்கும். அகலத்திரை வாங்கியும் படத்தில் ஏன் கறுப்புப் பட்டை வருகிறது என்ற கேள்வியும் அதோடு தீரும். பழைய டிவி 4:3, அதாவது 1.33. அதை அதே 4/3ஆல் பெருக்கினால் 16:9, அதாவது 1.78. இன்னொரு தடவை பெருக்கினால் 2.37, கிட்டத்தட்ட சினிமாஸ்கோப். நம் டிவி இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சமரசம், எனவே எது வந்தாலும் எங்காவது பட்டை விழும். 55 அங்குலத் திரையின் உயரம் 27 அங்குலம். சினிமாஸ்கோப்பின் 2.39 விகிதப் படம் அதில் 20 அங்குலத்தைத்தான் பிடிக்கும். காசு கொடுத்து வாங்கிய திரையில் கால்வாசி கறுப்பு. படத்துக்காகவே வாங்குகிறவர் ஒரு அளவு பெரிதாகப் பார்ப்பது நல்லது.

மிகுந்த வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் ஒரே காட்சியில் காட்டும் எச்.டி.ஆருக்கு 'உயர் இயங்கு வீச்சு' என்றால் எதுவோ ஓடுகிறது என்று தோன்றும். *பெரு ஒளிவீச்சு* எப்படி? அதோடு 'ஏற்கும்', 'காட்டும்' என்று இரண்டு வினைகளையும் பிரித்துப் புழங்கினால் நல்லது. மலிவு டிவி பெரு ஒளிவீச்சுக் குறிகையை (சிக்னலை) ஏற்கும். 300 நிட் (நிட் என்பது ஒளிர்வின் அலகு) வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அதனால் காட்ட முடியாது. பெட்டியில் ஒட்டிய முத்திரை முதலாவதைத்தான் சொல்கிறது.

வி.ஆர்.ஆருக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. 'மாறும் புதுப்பிப்பு வீதம்' தப்பில்லை, ஆனால் எது எதற்காக மாறுகிறது என்பது விட்டுப்போகிறது. கன்சோல் சட்டகத்தை வரைந்து முடிக்கும்வரை திரை காத்திருந்து, முடித்ததும் புதுப்பிக்கிறது. தாளம் போடுகிறவர் பாடுகிறவரின் இழுப்புக்கு இசைந்து கொடுப்பதுபோல. இதனால் ஒழிவது, மேல்பாதி ஒரு சட்டகமும் கீழ்ப்பாதி அடுத்த சட்டகமுமாகத் திரை துண்டுபடுவது. அதற்குக் *கிழிசல்* என்று வரைவில் இருப்பது அட்டகாசம், கை வைக்காதீர்கள். 'இசைவீதம்' என்று எழுதிப் பார்த்தேன், பாட்டு வகுப்புபோல் ஆகிவிட்டது. யாரிடமாவது இருந்தால் மூன்றாம் வரைவு வருமுன் அனுப்புங்கள்.